கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்: பாதுகாப்புச் சுவரில் ஓட்டை விழுந்தது எப்படி?

சந்தேகமான ஃபைல் ஒன்று வந்திருக்கிறது. திறக்கப் பயம். "விர்ச்சுவல் மெஷின்ல போட்டுப் பாருங்க, உள்ள என்ன நடந்தாலும் நம்ம கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். அந்த நம்பிக்கையை அசைத்தது, 2024 மார்ச்சில் விஎம்வேர் வெளியிட்ட எச்சரிக்கை.

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கம்ப்யூட்டர். விஎம்வேரின் ஒர்க்ஸ்டேஷன் விண்டோஸ், லினக்ஸ் கணினிகளிலும், ஃபியூஷன் மேக்கிலும் இந்த வேலையைச் செய்கின்றன. உள்ளே தெரியும் ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி போர்ட் எல்லாமே நிஜம் அல்ல, மென்பொருளின் பாவனைகள்தான்.

பிழை எங்கே?

அந்தப் பாவனை யுஎஸ்பியில். சிவிஇ-2024-22252, சிவிஇ-2024-22253 என்ற இரண்டு பிழைகளுமே 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ' வகை. லாட்ஜில் அறையைக் காலி செய்தவர், பழைய சாவியோடு திரும்பி வருகிறார். அங்கே வேறொருவர் வைத்த பெட்டியைத் தன்னுடையது என்று நம்பி எடுத்துப் போகிறார். மென்பொருளும் இப்படித்தான்: விட்டுக்கொடுத்த நினைவக இடத்தையே மறுபடி பயன்படுத்துகிறது. அங்கே ஹேக்கர் தன் சரக்கை வைத்துவிட்டால், அதையே நம்பி இயக்கிவிடும்.

எவ்வளவு ஆபத்து?

ஒர்க்ஸ்டேஷன், ஃபியூஷனில் 10க்கு 9.3. சர்வர்களில் ஓடும் இஎஸ்எக்ஸ்ஐ மென்பொருளில் 8.4, அங்கே இன்னொரு தடுப்பு வளையம் உண்டு. டெஸ்க்டாப்பில் அது இல்லாததால், ஹேக்கரின் நிரல் நேராக நம் கணினியிலேயே ஓடலாம்.

ஒரு நிபந்தனை: விர்ச்சுவல் மெஷினுக்குள் அட்மின் அதிகாரம் வேண்டும். 'அப்பாடா' என்று விட முடியாது. சொந்த விர்ச்சுவல் மெஷினில் பலரும் அட்மினாகத்தானே இருக்கிறோம்!

என்ன செய்ய வேண்டும்?

உள்ளே இருக்கும் விண்டோஸையோ லினக்ஸையோ மட்டும் அப்டேட் செய்தால் போதாது. பிழை அதை இயக்கும் மென்பொருளில். ஒர்க்ஸ்டேஷன் 17.5.1, ஃபியூஷன் 13.5.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாற வேண்டும். உடனே முடியாதவர்கள், விர்ச்சுவல் மெஷினின் செட்டிங்ஸில் யுஎஸ்பி கன்ட்ரோலரை நீக்கிவிடலாம் என்றது விஎம்வேர். அதன்பின் பென்டிரைவ் போன்ற யுஎஸ்பி சாதனங்களை உள்ளே இணைக்க முடியாது.

சுவர் இருக்கிறது என்று எதையும் திறப்பதற்கு முன், அந்தச் சுவரைக் கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்கள் என்று பார்த்துவிடுங்கள்.