கீரை அண்டாவில் ஒரு குழாய்

பெரிய அண்டாவில் முளைக்கீரை அலசுகிறோம். மண் தண்ணீரில் இறங்கும். அதை வடித்துவிட்டு வேறு தண்ணீர் ஊற்ற வேண்டும். அண்டாவைச் சாய்க்க வழியில்லை என்றால், ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி, மறுமுனையைத் தாழ்த்திப் பிடிப்போம். தண்ணீர் தானே இறங்கும்.

சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று டயாலிசிஸில் வயிறுதான் அந்த அண்டா. வயிற்றில் பொருத்திய ஒரு குழாய் வழியே, சுமார் 2 லிட்டர் குளுக்கோஸ் கலந்த திரவத்தை உள்ளே விடுவார்கள். பெரிட்டோனியம் என்ற உள்ஜவ்வின் நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து யூரியாவும் மிகுதி நீரும் அதில் இறங்கும். சில மணி நேரத்தில் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். பலருக்கு நாளைக்கு நான்கு தண்ணீர். காலிப் பையைத் தரையில் வைத்தால் போதும், மோட்டார் வேண்டாம்.

எல்லாம் குழாயைப் பொறுத்தது. அண்டாவில் குழாயின் நுனி மேலே வந்துவிட்டால் பாதித் தண்ணீர் தங்கிவிடும். இலை வந்து வாயில் ஒட்டினால் அதுவும் வராது. வயிற்றிலும் அதே இரண்டு தொல்லைகள். இங்கே இலை என்பது குடலுக்கு முன்னால் தொங்கும் ஓமெண்டம் என்ற கொழுப்பு மடிப்பு. குழாயின் பக்கத் துளைகளுக்குள் அது புகுந்து அடைத்துக்கொள்ளும்.

லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்றில் அரை சென்டிமீட்டர் அளவில் ஓரிரு துளைகள் போட்டு, கார்பன் டை ஆக்சைடால் வயிற்றுச்சுவரை உயர்த்தி, கேமராவில் பார்த்தே குழாயை வைக்கிறார்கள். ஆனால் வெறுமனே பார்ப்பதால் பெரிய லாபம் இல்லை என்பதே என் கருத்து. பார்த்ததை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம். குழாயைத் தசை உறைக்குள் சில சென்டிமீட்டர் கீழ்நோக்கிச் சாய்வாகச் செலுத்தினால், நுனி இடுப்புக்குழியை விட்டு எளிதில் எழும்பாது. ஓமெண்டம் அவ்வளவு தூரம் தொங்கினால் அதை மேலே இழுத்து வயிற்றுச்சுவரோடு தைத்துவிடலாம். பழைய ஆபரேஷனால் ஒட்டிக்கொண்ட திசுக்களையும் அப்போதே பிரித்துவிடலாம். முடிப்பதற்கு முன் திரவத்தை விட்டு, தடையின்றி வடிகிறதா என்று பார்ப்பார்கள்.

குழாய் வெளியே வரும் இடத்தை ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியை உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பார்த்துக் குறிக்க வேண்டும். பாவாடை நாடாவோ பெல்ட்டோ அழுத்தும் இடத்தில் புண்ணாகி, கிருமி சேரும். குழாய் வெளிவரும் துளை கீழ்நோக்கி இருந்தால் வியர்வையும் அழுக்கும் தங்காது.

1968-இல் ஹென்றி டெங்காஃப் வெளியிட்ட சிலிக்கோன் குழாயில் இரண்டு டேக்ரான் பட்டைகள் இருந்தன. இன்றும் பெரும்பாலும் அதே வடிவம்தான். அந்தப் பட்டைகளுக்குள் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளக் குறைந்தது 2 வாரம் வேண்டும். அதற்குமுன் முழு அளவு நிரப்பினால் ஓரத்தில் கசியும். மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்தக் கூடாது. நிரம்பிய குடல் குழாயைத் தள்ளிவிடும்.

லேப்ராஸ்கோப்பி முறைக்கு முழு மயக்க மருந்து தேவைப்படுவதே வழக்கம். இதயமோ நுரையீரலோ அதைத் தாங்காதவர்களுக்கு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து ஊசி வழியாகக் குழாயை வைக்கும் முறையும் இருக்கிறது.