வேகத்துக்கு அல்ல, பாடத்துக்கு ஏற்ற கார்!

கார் சீறிப் பாய்கிறது. வேகம் 200 கிலோ மீட்டர்! எதிரே வளைவு. பையன் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறான். கார் பம்பரமாகச் சுற்றுகிறது. 'டமார்' என்று சுவரில் மோதுகிறது!

அம்மா பதறவில்லை. சமையல் கட்டில் இருந்தபடியே, "சாப்பிட வா கண்ணு!" என்று கூப்பிடுகிறார்.

கார் நொறுங்கியது திரையில். பையன் இருப்பது வீட்டு நாற்காலியில். கையில் ஸ்டியரிங். காலடியில் பிரேக், ஆக்சிலேட்டர். வளைவில் திருப்பினால், ஸ்டியரிங் கையை எதிர்த்து இழுக்கும். இதற்கு 'சிமுலேட்டர்' என்று பெயர். உண்மைக் காரை ஓட்டுவது போலவே பழக உதவும் கருவி.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் 'ஷிப்டு' முடித்து வரும் அப்பா கேட்கிறார்: "இது விளையாட்டா? படிப்பா?"

உழைத்த காசில் வாங்கிக் கொடுத்தவர் கேட்கும் நியாயமான கேள்வி. இது படிப்பு ஆவதும் ஆகாததும், பையன் காரை எப்படி அமைத்துக் கொள்கிறான் என்பதைப் பொறுத்தது.

பக்கத்து ஊரின் பெருமை

கார் பந்தயம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பந்தயப் பாதை இருக்கிறது. நீளம் 2.1 கிலோ மீட்டர். 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பெயர் 'கரி மோட்டார் ஸ்பீட்வே'.

யார் இந்தக் கரி? கோவையைச் சேர்ந்த கரிவரதன். மாருதி காரின் என்ஜினை வைத்துச் சிறிய பந்தயக் கார்களைக் கட்டியவர். அதிகச் செலவு இல்லாமல் இளைஞர்கள் பந்தயம் பழக வழி செய்தவர். 1995ல் விமான விபத்தில் காலமானார்.

அந்த 'பார்முலா மாருதி' பந்தயத்தில் தொடங்கியவர்தான் கோவை வீரர் நரேன் கார்த்திகேயன். 1992ல் பிரான்சு நாட்டில் பந்தயப் பள்ளியில் பயின்றார். 2005ல், 'பார்முலா 1' பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்!

கவனியுங்கள். எடுத்த உடனே அவர் பெரிய காரில் ஏறவில்லை. சின்னக் காரில் தொடங்கினார். படிப்படியாக ஏறினார்.

டயர் செய்த வேலை!

அதே 2005ஆம் ஆண்டு, ஜூன் 19. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் பந்தயம். மொத்தம் 20 கார்கள். அவற்றில் 14 கார்கள் ஒரே கம்பெனியின் டயரைப் போட்டிருந்தன. அங்கே சரிவாக அமைந்த வேக வளைவு ஒன்று உண்டு. அதை அந்த டயர்கள் தாங்காது என்று பயிற்சியின்போதே தெரிந்து விட்டது. 14 கார்களும் பந்தயம் தொடங்கும் முன்பே ஒதுங்கின. வேறு டயர் போட்ட 6 கார்கள் மட்டுமே ஓடின! நரேன் 4ஆவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார்.

ஒதுங்கிய 14 பேருக்கும் திறமை இல்லையா? இருந்தது. ஆனால் பாதைக்கு ஏற்ற டயர் இல்லை.

'செட்டிங்' என்றால் என்ன?

டயரில் அடைக்கும் காற்று, பின்னால் உள்ள இறக்கையின் சாய்வு, பிரேக்கின் பிடிப்பு, ஸ்பிரிங்கின் இறுக்கம் - இவற்றைத் திருத்தி அமைப்பதே 'செட்டிங்'. சிமுலேட்டரில் இதை நொடியில் மாற்றலாம்.

பையன்கள் என்ன செய்கிறார்கள்? முதலிடம் பிடித்தவருடைய செட்டிங்கை அப்படியே போட்டுக் கொள்கிறார்கள். அது தேர்ந்த கைக்கு ஏற்ற கார். இம்மி பிசகினாலும் சுற்றும். பத்து முறை சுற்றினால் பாடம் வராது. பயமும் சலிப்பும்தான் வரும்!

ஓவர்லாக் மிஷினைப் பாருங்கள்

புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்கு எடுத்த எடுப்பில் ஏற்றுமதித் துணியைக் கொடுப்போமா? மாட்டோம். வேஸ்ட் துணி கொடுப்போம். மிஷினின் வேகத்தைக் குறைத்து வைப்போம். நூலின் டென்ஷனை நாமே சரி செய்து, "இதைத் தொடாதே அம்மிணி" என்போம். டென்ஷனையும் தையல் நீளத்தையும் ஒரே நேரத்தில் திருகினால், தையல் எதனால் கெட்டது என்று சூப்பர்வைசருக்கும் தெரியாது!

காரும் அப்படித்தான். ஒரு பாடத்துக்கு ஒரு மாற்றம். அதற்கு மேல் கூடாது.

எந்தப் பாடத்துக்கு எது?

முதல் பாடம், பாதையைப் பழகுவது. இதற்குச் சாதுவான கார் போதும். இறக்கையைச் சற்றே நிமிர்த்தி வைக்க வேண்டும். நேர்ப் பாதையில் வேகம் குறையும். ஆனால் வேக வளைவில் பிடிப்பு கூடும். பிரேக்கின் பலம் முன் சக்கரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். முன் சக்கரம் முதலில் பூட்டிக் கொண்டால் கார் நேராகப் போகும். பின் சக்கரம் பூட்டிக் கொண்டால் சுற்றிவிடும்!

இரண்டாம் பாடம், பிரேக் பிடிப்பது. சக்கரம் பூட்டாமல் காக்கும் 'ஏ.பி.எஸ்.' உதவியை மட்டும் நிறுத்துங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும். காலின் பக்குவம் தானே வரும்.

மூன்றாம் பாடம், வளைவிலிருந்து வெளியேறுவது. சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் உதவியை இப்போது நிறுத்தலாம். ஆக்சிலேட்டரை மெல்ல மிதிக்கப் பழகுவான்.

நான்காவது, பெட்ரோல். டாங்கு நிறைந்த கார் கனமானது. நிற்க அதிகத் தூரம் வேண்டும். ஐந்தாவது, மழை. இவை முடிந்த பிறகு ஸ்பிரிங்கைத் தொடலாம்.

தேறினானா என்று அறிவது எப்படி? பத்து சுற்று ஓட்டச் சொல்லுங்கள். பத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிந்தால் அடுத்த பாடம். ஒரு சுற்று மின்னலாகவும், அடுத்தது சுவரிலும் முடிந்தால், பழைய பாடமே!

விளையாடியவர் வீரர் ஆனார்

இப்படிப் பழகி முன்னேற முடியுமா? முடியும். ஜான் மார்டன்பரோ என்ற பிரிட்டிஷ் இளைஞர் வீட்டில் பந்தய விளையாட்டு ஆடியவர். 2011ல் ஒரு போட்டியில் வென்று, உண்மைக் காரில் பயிற்சி பெற்றார். 2013ல் பிரான்சின் புகழ் பெற்ற 24 மணி நேரப் பந்தயத்தில், மூவர் அணியில் ஒருவராகத் தம் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றார்!

ஆனால் ஒன்று. உண்மைக் காரில் பிரேக் பிடித்தால் உடம்பே முன்னால் தள்ளப்படும். வளைவில் கழுத்து வலிக்கும். வீட்டு நாற்காலி அதைக் கற்றுத் தராது. அதற்குப் பந்தயப் பாதையும், ஆசிரியரும், தலைக்கவசமும் வேண்டும்.

அப்பாக்களே! அடுத்த முறை பையன் பக்கத்தில் உட்காருங்கள். "இன்றைக்கு என்ன பாடம்? காரில் எதை மாற்றினாய்? ஏன் மாற்றினாய்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் அது படிப்பு. வராவிட்டால் வெறும் விளையாட்டு.

பையன்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. திரையில் கார் நொறுங்கினால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், புதுக் கார் வந்து நிற்கும். பல்லடம் சாலையில் அந்தப் பொத்தான் கிடையாது!