மைனர் பிள்ளைகளும் பெற்றோர் எழுதவேண்டிய உயிலும்

உயில் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவரிற் பலர் முகஞ்சுளிப்பர். அமங்கலப் பேச்சென்று தாய்மார் தடுப்பர். செல்வர்க்கும் முதியவர்க்கும் உரிய காரியமென்று ஆடவர் ஒதுக்குவர். நாம் கருதுவது வேறு. மும்பையிலோ டில்லியிலோ கொல்கத்தாவிலோ சிறு பிள்ளைகளை வளர்க்கும் இளம் பெற்றோர்க்கே அது மிக அவசியம். சொந்த ஊராயின் அடுத்த தெருவில் பெரியப்பா இருப்பார். படித்த பள்ளியிலேயே பிள்ளைகள் படிப்பர். இங்கோ பெற்றோர் இருவரும் இல்லையெனில், அவர்கள் எவ்வூரில், யார் வீட்டில், எந்த மொழியிற் படித்து வளர்வது என்பதே பெரும் வினாவாகிவிடும்.

சொத்தை முதலிற் பார்ப்போம். தம் சம்பாத்தியத்தில் 60 லட்சம் ரூபாய் பெறுமான வீடொன்றை வாங்கியவர் உயிலெழுதாது மறைகிறார் என்று கொள்வோம். மனைவி, மைனரான இரு பிள்ளைகள், ஊரில் வயது முதிர்ந்த தாயார் உளர். வீடு முழுதும் மனைவிக்கே என்றுதான் பலரும் எண்ணியிருக்கின்றனர். அன்று. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வர்க்கும் சமபங்கு. ஆளுக்கு 15 லட்சம். வீட்டை விற்றுவிட்டு ஊர் திரும்ப அவ்வம்மையார் எண்ணினால், பிள்ளைகளின் பங்கை விற்க நீதிமன்றத்தின் முன்னனுமதி வேண்டும். அனுமதியின்றி விற்றால் பின்னர் அவ்விற்பனையைப் பிள்ளைகள் ரத்துச் செய்யக் கூடுமாதலால், விவரமறிந்த எவரும் வாங்க முன்வரார். மாமியாரின் பங்கோ, அவரும் உயிலின்றிக் காலமானால், கொழுந்தனார்க்கும் நாத்தனார்க்கும் சேர்த்துப் பிரியும். தாயாரைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. அவர் ஜீவனத்திற்கென ஒரு தொகையை உயிலிலேயே ஒதுக்கலாம். அதற்காக வீட்டையே நான்கு கூறாக்க வேண்டியதில்லை.

இது இந்துக்களுக்குரிய கணக்கு. உயிலெழுதாது மறையும் கிறிஸ்தவரின் சொத்தில், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கு மூன்றிலொரு பங்கும் பிள்ளைகளுக்கு எஞ்சிய இரு பங்கும் சேரும். முஸ்லிம் அன்பர்கள் வாரிசுகளின் இசைவின்றி மூன்றிலொரு பங்குக்கு மேல் உயில்வழி அளித்தல் இயலாது. கார்டியன் நியமனத்திலும் அவரவர்க்கு விதி வேறாதலின் வக்கீலைக் கலந்துகொள்வது நலம்.

"நாமினி எழுதியிருக்கிறோமே, போதாதா?" என்பர் சிலர். நாமினி பெரும்பாலும் பணத்தைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பவரேயன்றி உடைமையாளர் அல்லர். கம்பெனிப் பங்குகள் பற்றி உச்சநீதிமன்றம் 2023-இல் அவ்வாறே தீர்ப்பளித்தது. இன்ஷூரன்ஸில் மட்டும் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், நாமினியாகக் குறிக்கப்பட்ட பெற்றோர், மனைவி அல்லது கணவர், மக்கள் ஆகியோருக்குத் தொகை சொந்தமாகவே சேரும். மைனரை நாமினியாக எழுதினால் தொகையைப் பெற்றுக்கொள்ள வயது வந்த ஒருவரையும் உடன் குறிக்க வேண்டும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்ட பாரங்கள் எத்தனையோ!

இனிக் குழந்தைகளின் பாதுகாப்பு. இந்துத் தந்தை உயிலில் கார்டியனை நியமிக்கலாம். ஆயினும் தாய் உயிரோடிருக்கும்வரை அந்நியமனம் செயற்படாது. அவரும் எவரையும் உயிலில் நியமிக்காது மறைந்தால் முன்னைய நியமனம் உயிர்பெறும். ஆதலின் கணவனும் மனைவியும் தனித்தனியே உயிலெழுதி, இரண்டிலும் ஒருவர் பெயரையே குறித்தல் வேண்டும். தாயின் உரிமை தந்தையின் மரணத்திற்குப் பின்னரே தோன்றும் என்பதன்று. கோயம்புத்தூரிற் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது.

எழுதாவிடில் என்னாகும்? 1890-ஆம் ஆண்டின் கார்டியன் சட்டப்படி, மைனர் வழக்கமாக வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்ய வேண்டும். நெல்லையிலிருந்து சித்தப்பாவும் சேலத்திலிருந்து தாய்மாமனும் எதிரெதிர் மனுக்களோடு இந்நகர நீதிமன்றத்திற்கு வந்து நின்றால், இடையில் நிற்பது குழந்தை. குழந்தையின் நலனையே நீதிமன்றம் நோக்கும். மறைந்த பெற்றோரின் விருப்பத்தையும் கருத்திற் கொள்ளும். அவ்விருப்பத்தை எடுத்துரைக்க எழுதிய காகிதமேனும் இருந்தாக வேண்டுமன்றோ?

யாரை நியமிப்பது? தாத்தா பாட்டி என்பதே பலரின் விடை. பாட்டனார்க்கு வயது 70, குழந்தைக்கு 4 எனில், குழந்தை மேஜராகும்போது அவருக்கு 84. தமிழெழுத்தறியாது இந்தியிற் படிக்கும் பிள்ளையைப் பத்தாம் வகுப்பின் நடுவில் கிராமத்திற்கு அழைத்துச் செல்வதா, இவ்வூரிலேயே உள்ள நண்பர் வீட்டில் வைப்பதா என்பதும் எண்ணத்தக்கது. உறவினர் மனம் நோகும் என்ற அச்சத்தைச் சற்றே விலக்கிவைத்து முடிவு செய்க. வளர்ப்பவர் ஒருவராகவும் பணத்தை நிர்வகிப்பவர் மற்றொருவராகவும் இருக்கலாம்; அன்புள்ள சித்திக்குக் கணக்கு வராமற் போகலாம். எவராயினும் அவரது சம்மதத்தை முதலிற் பெறுக. கேட்காமலே பெயரெழுதிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டா. வெள்ளைத்தாளில், தமிழிலேயே எழுதலாம். எழுதியவர் கையொப்பமிட, அதனை நேரிற் கண்ட இருவர் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். பயன் பெறுவோரைச் சாட்சியாக்காதிருத்தல் நன்று. மாற்றலுக்கு உட்பட்ட உத்தியோகஸ்தராயின் அவர்தம் நிரந்தர விலாசத்தையும் சேர்த்தெழுதுக. பதிவு கட்டாயமன்று, செய்துவைத்தால் பிற்காலத்தில் ஐயம் குறையும். இன்னொரு குழந்தை பிறந்தாலும், கார்டியனாகக் குறிக்கப்பட்டவர் மறைந்தாலும் புதிதாக எழுதி, பழையது ரத்து என்று அதில் குறிப்பிடுக. தம் ஒருவர் பெயரிலேயே உள்ள வங்கிப் பெட்டகத்தில் உயிலை வைப்பதை நாம் ஒப்புக்கொள்ளோம். அது தேவைப்படும் நாளில் பெட்டகத்தைத் திறக்கவே வேறு காகிதங்கள் கேட்பர். மூலம் வீட்டில் இருக்கட்டும். நகலொன்றைக் கார்டியனிடம் கொடுத்து, மூலம் இருக்குமிடத்தையும் சொல்லிவைக்க.