கல்பாக்கம் காற்றும் கறவை மாட்டுப் பாலும்

புளியந்தோப்பில் மாடு கட்டிப் பால் ஊற்றுபவருக்கும் ராயபுரத்தில் மாடித்தோட்டம் போட்டவருக்கும் கல்பாக்கம் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தூரம். அங்கே சென்னை அணுமின் நிலையமும், 1971-ல் தொடங்கிய இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. ஏதாவது கசிந்தால் நம் பாலுக்கும் கீரைக்கும் என்ன ஆகும்?

கதிர்வீச்சுக்கு இணையாக அங்கே காற்றையும் அளக்கிறார்கள். உயரமான கோபுரத்தில் பல உயரங்களில் காற்றின் திசை, வேகம், வெப்பநிலை பதிவாகும். போகிப் பண்டிகை விடியலில் புகை மேலே போகாமல் தெருவிலேயே தேங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தரை குளிர்ந்து, மேலே காற்று சூடாக இருந்தால் அப்படித்தான். வெயில் ஏறினால் அதே புகை கலைந்துவிடும். கசிவு எவ்வளவு என்பதோடு, எந்த நேரம், எந்தக் காற்று என்பதும் முக்கியம். கோடையில் தெற்கிலிருந்து வீசும் காற்று கல்பாக்கத்திலிருந்து சென்னைப் பக்கம் வரும். வடகிழக்குப் பருவத்தில் திசை நேர்மாறு.

கருவியில் எண் கூடினாலே பயப்படத் தேவையில்லை. மழை பெய்தால், காற்றில் இயற்கையாக உள்ள ரேடானின் சிதைவுப் பொருட்கள் தரையில் இறங்கி அளவு சிறிது ஏறும். சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால் மழைமானியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கல்பாக்கம் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதால் அங்கே இயற்கை அளவே சற்று அதிகம். நாம் போடும் பொட்டாஷ் உரத்திலும் இயற்கைக் கதிரியக்கம் உண்டு. உலக சராசரியாக ஒருவர் இயற்கையிலிருந்து பெறுவது ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அணுசக்தி நிலையங்களால் பொதுமக்களுக்குக் கூடுதலாகச் சேரலாம் என்று நம் நாட்டில் வகுத்துள்ள வரம்பு 1 மில்லிசீவர்ட்.

விவசாயி முதலில் கவனிக்க வேண்டியது பால். விபத்தில் வெளியாகும் அயோடின்-131 புல்லில் படிந்து, மாட்டின் வழியாகப் பாலுக்கு வந்து, குழந்தைகளின் தைராய்டில் சேரும். 1957-ல் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தபோது சுமார் 500 சதுர கிலோமீட்டர் பகுதியின் பாலைக் கொட்டிவிட்டார்கள். 1986 செர்னோபில் விபத்தில் பலருக்கு எச்சரிக்கை சரியாகப் போய்ச் சேரவில்லை. அந்தப் பாலைக் குடித்த குழந்தைகள் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சீசியம்-137 அப்படியல்ல, பாதியாகவே 30 ஆண்டு ஆகும்.

அவசர அறிவிப்பு வந்தால் மாடு, ஆடுகளைக் கூரைக்குள் கட்டுங்கள். உள்ளே இருப்பு வைத்த வைக்கோல், தவிடு மட்டும் கொடுங்கள். கிணறு, தொட்டியை மூடுங்கள். கீரை அறுக்க வேண்டாம். கறந்த பாலைத் தனியே வைத்து, அதிகாரிகள் சொல்லும்வரை விற்காதீர்கள், வீட்டுக்கும் எடுக்காதீர்கள். அவசரகாலத் திட்டப் பகுதி அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர்தான். புளியந்தோப்பு அதற்கு வெகு வெளியே. வதந்தியை நம்பிப் பாலைக் கொட்ட வேண்டாம்.

நம் நாட்டில் அணுமின் நிலையங்களைச் சுற்றிப் பால், அரிசி, காய்கறி, மீனோடு ஆட்டின் தைராய்டு சுரப்பியையும் எடுத்துச் சோதிக்கிறார்கள். ஆடு பரவலாக மேய்வதால் அது நல்ல அடையாளம். உங்களிடம் மாதிரி கேட்டு வந்தால் கொடுங்கள். மாடு வெளியே மேய்ந்ததா, கட்டுத்தறியில் வாங்கிய தீவனம் தின்றதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். வேறு மாவட்டத்து வைக்கோல் தின்ற மாட்டின் பால், உங்கள் ஊர்ப் புல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாது.