அப்பா அம்மாவை அழைக்க வாடகையைக் குறைக்கலாம், ஊர் வீட்டை விற்க வேண்டாம்

சிட்னியின் மேற்குப் பகுதியில் தெருவில் நடந்து போனால், ஒரே வாசலில் இரண்டு தபால் பெட்டிகள் இருப்பதைப் பார்க்கலாம். ஒன்றில் 24, இன்னொன்றில் 24ஏ. முன்னால் செங்கல் வீடு. பக்கத்தில் கார் போகிற அளவுக்கு ஒரு சந்து. அதன் முடிவில், முன்பு துணி காயப்போடும் கம்பியும் எலுமிச்சை மரமும் இருந்த இடத்தில் ஒரு சின்ன வீடு. இதற்கு இங்கே கிரானி பிளாட் என்று பெயர். நியூ சவுத் வேல்ஸ் அரசு 2009-ல் விதிகளைத் தளர்த்திய பிறகு மெரிலேண்ட்ஸ், கில்ட்ஃபோர்ட், கிரான்வில் பக்கமெல்லாம் இவை முளைத்துக்கொண்டே இருக்கின்றன. அதிகபட்சம் 60 சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் 645 சதுர அடி.

பாட்டிக்காகக் கட்டும் வீடு என்பதால் வந்த பெயர். ஆனால் நான் பார்த்தவரை இவற்றில் பாட்டிகள் குறைவு. பாட்டியை ஊரிலிருந்து அழைத்து வரப் பணம் சேர்க்கும் பிள்ளைகள்தான் அதிகம். நாங்களும் அதில் ஒரு குடும்பம்.

இரண்டு வருஷத்துக்கு முன்புவரை வென்ட்வொர்த்வில்லில் மூன்று படுக்கையறை வீட்டில் இருந்தோம். வாரம் 720 டாலர். இப்போது மெரிலேண்ட்ஸில் இரண்டு அறை கிரானி பிளாட், வாரம் 500. (இங்கே வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். ஊரில் சொன்னால் மாத வாடகை என்று நினைத்துக்கொண்டு, "பரவாயில்லையே" என்பார்கள்.) வாரத்துக்கு 220 டாலர் மிச்சம், வருஷத்துக்கு 11,440. முதல் வருஷ மிச்சத்தில் ஒரு பகுதியை லாரிக்கூலியும் புதிதாக வாங்க வேண்டியிருந்த சின்ன ஃபிரிட்ஜும் தின்றுவிட்டன. பழைய ஃபிரிட்ஜ் சமையலறை வாசலில் நுழையவில்லை.

இடம் சுருங்கினால் என்னென்ன சுருங்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுவது முதலில் நிற்கும். நவராத்திரிக்கு ஏழு படி கொலு வைத்துக்கொண்டிருந்தேன், இப்போது மூன்று படி. பொம்மைகளில் பாதி ஒரு தோழியின் கராஜில் இருக்கின்றன. பதினொரு வயது மகளும் ஆறு வயது மகனும் ஒரே அறையில். மகளுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் வயது வந்துவிட்டது, சாத்தத்தான் வழியில்லை. இந்த 220 டாலரில் பெரிய பங்கு அவளுடையது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நாங்கள் பணம் சேர்ப்பது திருச்சி உறையூரில் இருக்கும் என் அப்பா அம்மாவுக்காக. அப்பாவுக்கு 70, அம்மாவுக்கு 65. என் மாமியார் மதுரையில் மூத்த மகனோடு இருக்கிறார், அங்கிருந்து நகர மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அதனால் யாருடைய பெற்றோர் என்ற சண்டை எங்கள் வீட்டில் வரவில்லை. பல வீடுகளில் வருகிறது.

விசா கணக்குக்கு வருகிறேன். பெற்றோரை நிரந்தரமாக அழைக்க இங்கே பலரும் சொல்லும் பெயர் 143, அதாவது பணம் கட்டி வாங்கும் பெற்றோர் விசா. 2003-ல் கொண்டுவந்தார்கள். இரண்டு தவணை. முதல் தவணை விண்ணப்பிக்கும்போது, சில ஆயிரம் டாலர். இரண்டாம் தவணை ஆளுக்கு 43,600 டாலர். அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்தால் மொத்தம் 90,000 டாலரைத் தாண்டும், ரூபாயில் ஐம்பது லட்சத்துக்கு மேல். இதுபோக, அவர்கள் அரசு உதவித்தொகையை நம்பி வாழ மாட்டார்கள் என்பதற்கு உத்தரவாதமாக இருவருக்கும் சேர்த்து 14,000 டாலரை வங்கியில் பத்து வருஷத்துக்குப் போட்டு வைக்க வேண்டும். ஆகமொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல். எங்கள் வாடகை மிச்சத்தை மட்டும் வைத்துக் கட்டினால் ஒன்பது வருஷம் ஆகும்.

ஒன்பது வருஷம் என்றதும் மலைக்காதீர்கள். வரிசை அதைவிட நீளம். இப்போது புதிதாக விண்ணப்பித்தால் 14 வருஷத்துக்கு மேல் ஆகும் என்று உள்துறை அமைச்சகத்தின் இணையதளமே சொல்கிறது. குறைந்த கட்டணப் பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்பு முப்பது வருஷம் அளவில். பெற்றோருக்கு வருஷத்துக்கு 8,500 இடங்கள்தான் ஒதுக்குகிறார்கள், வரிசையில் நிற்பவர்களோ ஒரு லட்சத்துக்கும் அதிகம். பெண்டில் ஹில்லில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரிடம் சொன்னேன். "எங்கட அம்மா வரேக்க ரெண்டு வருசத்தில அலுவல் முடிஞ்சுது. இப்ப உப்பிடியே?" என்று கேட்டார். அவர் அம்மாவை அழைத்தது 2008 வாக்கில்.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பலர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பெரிய தொகை, அதாவது ஆளுக்கு 43,600, விண்ணப்பிக்கும் நாளில் கட்ட வேண்டியதில்லை. வரிசையின் கடைசியில், விசா கிடைக்கப்போகும் நேரத்தில் கேட்பார்கள். உத்தரவாதப் பணமும் அப்போதுதான். மருத்துவப் பரிசோதனையும் அப்போதுதான். இன்று விண்ணப்பித்தால் அப்பாவுக்கு அந்தப் பரிசோதனை 84 வயதில் நடக்கும். அதில் தேறாவிட்டால் அத்தனை வருஷக் காத்திருப்பும் போச்சு.

ஆக, பணம் தேவைப்படுவது 14 வருஷம் கழித்து. அப்பா அம்மாவுக்கு நடக்கத் தெம்பு இருப்பது இப்போது. இதைத் தெரிந்துகொள்ளாமல், அடுத்த வருஷமே கட்ட வேண்டும் என்பது போல வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் நான்கு வருஷமாக ஊருக்கே போகவில்லை, விமான டிக்கெட் காசையும் விசா கணக்கில் போடுகிறார். அவருடைய அம்மாவுக்கு 74.

இன்னொன்று. 143-க்கு விண்ணப்பிக்கும் முன் 'குடும்பச் சமநிலை' என்ற விதியைப் பாருங்கள். பெற்றோரின் பிள்ளைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும். அல்லது வேறு எந்த ஒரு நாட்டையும்விட இங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நானும் தங்கையும்தான், அவள் சென்னையில். இரண்டில் ஒன்று, தேறிவிட்டோம். மூன்று பிள்ளைகளில் ஒருவர் இங்கே, இருவர் தமிழ்நாட்டில் என்றால் கதவு அங்கேயே சாத்தப்பட்டுவிடும், கையில் எத்தனை லட்சம் இருந்தாலும்.

அரசு பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வயதான ஒருவர் குடியேறினால் அவர் வாழ்நாள் முழுக்க அரசுக்கு ஆகும் நிகரச் செலவு 3,35,000 முதல் 4,10,000 டாலர் வரை என்று உற்பத்தித்திறன் ஆணையம் 2016 அறிக்கையில் கணக்குப் போட்டது. அந்த எண்ணோடு ஒப்பிட்டால் 43,600 சின்னத் தொகைதான். ஆனால் பாட்டி வந்தால் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார், மகளோ மருமகளோ முழுநேர வேலைக்குப் போகிறாள், வரி கட்டுகிறாள். அதை எந்தப் பத்தியில் சேர்ப்பது? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வரிசையைத் திறந்து வைத்து, முதல் தவணையையும் வாங்கிக்கொண்டு, 84 வயதில் வா என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சரி, இப்போது என்ன வழி? இரண்டு இருக்கின்றன. ஒன்று, சாதாரண வருகையாளர் விசா, 600. பெற்றோருக்குப் பல தடவை வந்துபோகும்படியும், ஒரே வருகையில் 12 மாதம் வரை தங்கும்படியும் கொடுப்பதுண்டு. இன்னொன்று 870 என்ற தற்காலிகப் பெற்றோர் விசா, 2019-ல் வந்தது. மூன்று வருஷத்துக்கு ஆறாயிரம் டாலர் அளவில், ஐந்து வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் அளவில். மொத்தம் பத்து வருஷம் வரை இருக்கலாம். அழைக்கும் பிள்ளைக்கு, துணைவரின் வருமானத்தையும் சேர்த்து, ஆண்டுக்கு 83,000 டாலருக்கு மேல் வரிக்குரிய வருமானம் வேண்டும். வருபவர்கள் வேலை பார்க்க முடியாது. இரண்டு விசாவிலும் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்கு மெடிகேர் கிடையாது, தனியார் காப்பீடுதான். சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று பாலிசியைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் உங்கள் வாடகை மிச்சம் கரைந்துவிடும்.

நாங்கள் எடுத்த முடிவு இதுதான். 143 விண்ணப்பத்தைப் போட்டு வரிசையில் ஒரு துண்டு போட்டு வைக்கிறோம், முதல் தவணை மட்டும் கட்டி. இரண்டாம் தவணைக்கு இப்போதே வயிற்றைக் கட்டப்போவதில்லை. வாடகை மிச்சத்தில் வருஷத்துக்கு ஆறாயிரம் டாலருக்குள் இரண்டு டிக்கெட்டும் காப்பீடும் முடிந்துவிடுகின்றன. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் மாறி வந்துவிடலாம். போன வருஷம் ஐந்து மாதம் இருந்தார்கள். பிள்ளைகள் அறையைத் தாத்தா பாட்டிக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்தார்கள். அப்பா தினமும் காலையில் மெரிலேண்ட்ஸ் ரோடு வரை நடந்து, ஆப்கன் கடையில் சூடான ரொட்டி வாங்கி வருவார். கடைக்காரருக்கும் அவருக்கும் பொது மொழி எதுவும் இல்லை. ஆனாலும் தினம் பத்து நிமிஷம் பேசுவார்கள். செவ்வாய்க்கிழமை மேஸ் ஹில் முருகன் கோயில். அம்மாவுக்குத்தான் பகல் நீளமாக இருந்தது. "எதிர் வீட்டுல யாரு இருக்கான்னே தெரியல, என்ன ஊருடி இது" என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அப்பா ஆரம்பித்தார். "உறையூர் வீட்ட வித்துடலாம்மா. ஐம்பது லட்சத்துக்குக் குறையாம போகும். விசாவுக்குச் சரியா இருக்கும். இங்க வந்துட்டா உங்க கூடத்தானே இருக்கப்போறோம், அங்க எதுக்கு வீடு?" ஏற்கெனவே அவர்களும் சுருங்கித்தான் இருக்கிறார்கள். கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் ஒரு அறையும் சமையலறையுமாக இருக்கிறார்கள். அந்த வாடகையைத் தொடாமல் வங்கியில் போடுகிறார் அப்பா, விசாவுக்காம். இங்கே நாங்கள் ஒரு முனையில் சுருங்க, அங்கே அவர்கள் இன்னொரு முனையில்.

வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விற்ற பணத்தைப் பதினான்கு வருஷம் எங்கே வைப்பது? அதுவரை அவர்கள் எந்த வீட்டில் இருப்பது? பரிசோதனையில் தேறாமல் போனால் எங்கே திரும்புவது? இங்கே வந்தபிறகு அம்மாவுக்குப் பிடிக்காமல் போனால்? வாடகை வீட்டை நாங்கள் இன்னொரு ஒப்பந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம். உறையூரில் விற்ற வீட்டைத் திரும்ப வாங்க முடியாது. அப்பா முகம் வாடிவிட்டது. தன் பங்குக்கு எதுவும் தர முடியாதவர் ஆகிவிட்டோம் என்று நினைத்திருப்பார். கீழ் வீட்டு வாடகையை வருஷா வருஷம் டிக்கெட்டுக்குக் கொடுங்கள் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார்.

என்னைப் போல இடம் மாறப் போகிறவர்களுக்கு நடைமுறையில் சில. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் குடியேறாதீர்கள், "நம்ம ஆளுதானே" என்று வாய்வார்த்தையில் முடிப்பது நம்மவர்களிடம் அதிகம். முன்பணம் நான்கு வார வாடகைக்கு மேல் கேட்க முடியாது, அதையும் வீட்டுக்காரர் கையில் வைத்துக்கொள்ளாமல் அரசிடம் கட்ட வேண்டும். கிரானி பிளாட்டுக்குத் தனி மின்மீட்டர் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லையென்றால் மின்கட்டணம் வீட்டுக்காரர் பொறுப்பு, பில்லில் பாதி கொடு என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. வாடகையை 12 மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஏற்ற முடியாது. 2025 மே மாதத்திலிருந்து காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லவும் முடியாது. கராஜைத் தடுத்து அறையாக்கி மலிவாக விடுகிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஜன்னல் இல்லாத அறையில் தீ பிடித்தால் வெளியே வர வழியில்லை.

எங்கள் ஒப்பந்தம் வரும் மார்ச்சில் முடிகிறது. மறுபடி மூன்று அறை பார்க்கலாம் என்கிறார் என் கணவர், அப்பா அம்மா ஏப்ரலில் வருகிறார்கள். இன்னும் ஒரு வருஷம் இங்கேயே ஓட்டினால் அடுத்த முறை 870-க்கே கட்டிவிடலாம் என்பது என் கணக்கு. மகளைக் கேட்டோம். "தாத்தா பாட்டி எத்தனை மாசம் இருப்பாங்கன்னு மொதல்ல சொல்லுங்க" என்றாள்.