பைன் காடுகளைச் சாய்க்கும் பட்டை வண்டுகள்: அடையாளம் காட்டும் கொல்கத்தா

கொல்கத்தா: இந்நகரில் பைன் காடுகள் இல்லை. ஆனால், இமயமலைச் சரிவுகளில் வளரும் சிர் பைன் மரத்தின் அறிவியல் பெயரில் இந்நகரின் வரலாறு பதிந்துள்ளது. ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் சிவ்பூரில் உள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பை 1793-ல் ஏற்றவர் வில்லியம் ராக்ஸ்பர்க். அவரது நினைவாகவே 1897-ல் அம்மரத்துக்கு "பைனஸ் ராக்ஸ்பர்கி" என்று பெயரிடப்பட்டது. அதற்கு முன் "பைனஸ் லாஞ்சிஃபோலியா" என்றே அது அறியப்பட்டது. மரம் கைவிட்ட அப்பழைய பெயரை, அதைத் துளைத்துக் கொல்லும் "இப்ஸ் லாஞ்சிஃபோலியா" என்ற பட்டை வண்டு இன்றும் தாங்கி நிற்கிறது.

பிசினே கவசம்: பட்டை வண்டுகளில் பெரும்பாலானவை அரிசி மணி அளவே உள்ளவை. பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மென்மையான பகுதியைக் குடைந்து அங்கு முட்டையிடுகின்றன. மரம் தயாரித்த உணவு வேருக்குச் செல்லும் பாதை அதுதான். வெளிவரும் புழுக்கள் அதைத் தின்று தீர்க்கின்றன. வண்டுகள் சுமந்து வரும் பூஞ்சையோ நீரோட்டத்தை அடைக்கிறது.

நலமாக உள்ள பைன் மரம் பிசினைச் சுரந்து, நுழையும் வண்டை வெளியே தள்ளிவிடும். வறட்சியாலோ, தீயாலோ நலிந்த மரத்துக்கு அந்த வலிமை இல்லை. முதலில் நுழையும் வண்டுகள் வெளியிடும் மணத்தால் கவரப்பட்டு மற்றவையும் கூட்டமாக வந்து சேர்கின்றன. ஊசியிலைகள் பழுப்பேறி மரம் பட்டுவிட்டது வெளியே தெரியும்போது, பெரும்பாலும் அடுத்த தலைமுறை வண்டுகள் பறந்து சென்றிருக்கும்.

உத்தரகண்டில் 2016 மற்றும் 2024-ம் ஆண்டுகளில் பெரும் காட்டுத் தீ ஏற்பட்டது. தீயில் கருகியும் சாகாமல் நிற்கும் மரங்களும், பிசினுக்காக ஆழமாகச் சீவப்பட்ட மரங்களும், வெட்டி அகற்றப்படாமல் கிடக்கும் கட்டைகளும் வண்டுகளுக்கு எளிய இரையாகின்றன.

கனடாவின் அனுபவம்: இவ்வண்டுகளைக் கட்டுக்குள் வைத்திருப்பவற்றில் குளிரும் ஒன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், கடுங்குளிர் குறைந்ததாலும் முதிர்ந்த பைன் மரங்கள் பெருகியிருந்ததாலும், 1990-களின் இறுதியிலிருந்து மலைப் பைன் வண்டுகள் பல்கிப் பெருகின. சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காடுகள் பாதிக்கப்பட்டன. மரத்தை நம்பியிருந்த ஊர்களில் அறுவை ஆலைகள் மூடப்பட்டன.

சால் மரங்கள் கற்பித்த பாடம்: இந்தியாவுக்கும் இத்தகைய அழிவு புதிதல்ல. 1990-களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தின் மண்டலா உள்ளிட்ட பகுதிகளில் சால் எனப்படும் குங்கிலிய மரங்களைத் துளைப்பான் வண்டுகள் லட்சக்கணக்கில் தாக்கின. 1920-களிலும் மண்டலா காடுகள் இதே பூச்சியிடம் சிக்கியிருந்தன. மேற்கு வங்கத்தில் பாங்குரா, புருலியா, ஜார்கிராம் பகுதிகளின் காடுகளிலும் சால் மரங்களே முதன்மையானவை.

இரு பூச்சிகளுக்கும் சிகிச்சை ஒன்றல்ல. பைன் பட்டை வண்டின் புழுக்கள் பட்டையின் அடியிலேயே வளர்கின்றன. எனவே, மரத்தை உரிய நேரத்தில் வெட்டிப் பட்டையை உரித்து எரித்துவிட்டால் அவை அழிந்துவிடும், கட்டையும் பயன்படும். சால் துளைப்பானின் புழுவோ வைரம் பாய்ந்த நடுக்கட்டை வரை சென்றுவிடுகிறது. அங்கே பட்டையை உரிப்பதால் பயனில்லை. மழைக்காலத் தொடக்கத்தில், நசுக்கி வைத்த சால் கட்டைகளின் சாற்றால் வண்டுகளைக் கவர்ந்து கையால் பிடிப்பதே பழகிய முறை. இப்பணியில் பழங்குடி மக்களே பெரும் பங்கு வகித்து வந்துள்ளனர்.

கொல்கத்தாவின் பங்கு: ஆகவே, "எந்தப் பூச்சி?" என்பதே முதல் கேள்வியாகிறது. இந்தியக் காடுகளுக்குத் தீங்கு செய்யும் பூச்சிகள் குறித்து இ.பி. ஸ்டெபிங் எழுதிய நூல் 1899-ல் கொல்கத்தாவில்தான் அச்சாயிற்று. இந்திய அருங்காட்சியகத்தின் விலங்கியல் பிரிவிலிருந்து 1916-ல் உருவானதே இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம். 1950-களில் அதன் இயக்குநரான எம்.எல். ரூன்வால், அதற்கு முன் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் வனப் பூச்சியியல் அறிஞராகப் பணியாற்றியவர். சால் துளைப்பான் பற்றி ஆராய்ந்து எழுதியவர்.

இந்நிறுவனம் 2024-ம் ஆண்டு ஜூன் 30-ம் தேதி 1,04,561 உயிரினங்கள் அடங்கிய இந்திய விலங்கினப் பட்டியலைக் கொல்கத்தாவில் வெளியிட்டது. ஊசி குத்திப் பாதுகாக்கப்பட்டுள்ள மாதிரிகளுடன் ஒப்பிட்டுத்தான், காட்டில் பிடிபட்ட வண்டு உள்ளூர்ப் பகையா, வெளியிலிருந்து வந்ததா என்று உறுதி செய்ய முடியும்.

எனினும், காட்டில் முதலில் வண்டைக் காண்பவர் வனக் காவலரும் மலைக் கிராமத்தினருமே. பட்டையில் புதிய துளை, அடிமரத்தில் குவியும் மரத்தூள், நிறம் மாறும் இலை ஆகியவற்றைக் கண்டவுடன் அவர்கள் தகவல் தரவும், பூச்சியின் பெயர் தாமதமின்றி அவர்களுக்குத் தெரியவும் வழி செய்வது அரசின் கடமை. ஒரு மரத்தோடு முடிய வேண்டிய இழப்பு மலைச்சரிவு முழுவதும் பரவுவது, இந்த இடைவெளியில் கழியும் நாள்களில்தான்.