ஹெரால்டு வண்டிக்கு மறுவாழ்வு

நமது நாட்டில் மோட்டார்த் தொழில் வேரூன்றிய காலத்தில், மூன்று துறைமுக நகரங்கள் நாட்டுக்கு மூன்று வண்டிகளை அளித்தன. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவிலிருந்து அம்பாசிடர் வந்தது. பம்பாயின் குர்லாவிலிருந்து பியட் வந்தது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்திலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. முதலிரண்டும் டாக்சிகளாக ஓடி ஊரறிந்த பெயர் பெற்றன. அம்பாசிடர் 2014 ஆம் ஆண்டு வரை உற்பத்தியாயிற்று. பியட்டின் வழிவந்த பத்மினி, பம்பாய் டாக்சி வரிசையிலிருந்து 2023 அக்டோபரில்தான் விடைபெற்றது. ஹெரால்டோ 1961 இல் தோன்றி, பெரும்பாலும் குடும்ப வண்டியாகவே வாழ்ந்து, 1970-களின் தொடக்கத்தில் கெஜல் என்னும் தன் தம்பிக்கு இடம் விட்டு ஒதுங்கியது. அத்தம்பியின் காலமும் 1977 உடன் முடிவுற்றது.

ஆகவே இன்று ஹெரால்டைத் தெருவில் காண்பது அரிது. எஞ்சியிருப்பவற்றுள் பல, யாரோ ஒரு தாத்தாவின் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கடியில் துயில்கின்றன. "ஊரில் நிற்கும் அந்த வண்டியை இங்கே கொணர்ந்து, நம் கையாலேயே சீர் செய்ய இயலுமா?" என்ற எண்ணம் வெளி மாநிலத்தில் வாழும் நம்மவருக்கு எழுமாயின், அது வரவேற்கத்தக்கதே. இயலும் என்பதே நமது விடை. ஆனால் ஒன்றை முன்னதாகவே கூறிவிடுதல் நலம். புறக்கணிப்பு ஒரு பழைய வண்டியை அழிப்பது போலவே, அளவு கடந்த ஆர்வமும் அதை அழித்துவிடும். எதைப் புதுப்பிப்பது, எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று அறிவதே இக்கலையின் உயிர்நாடி.

வீட்டிற்கு ஏற்ற வண்டி

ஹெரால்டு, இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்தார் 1959 இல் வெளியிட்ட வண்டி. அதன் வடிவை வரைந்தவர் இத்தாலிய வல்லுநர் ஜியோவானி மிக்கெலோட்டி. அக்காலத்தில் ஏனைய நிறுவனங்கள் அடிச்சட்டமும் உடலும் ஒன்றாய் இணைந்த வண்டிகளை நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. இவர்களுக்கோ உடல் செய்து தந்த தொழிற்சாலை போட்டியாளர் கைக்குப் போய்விட்டது. வேறு வழியின்றித் தனி அடிச்சட்டம் ஒன்றை அமைத்து, உடலைப் பல துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் செய்வித்து, போல்ட்டு நட்டு கொண்டு பூட்டினார்கள். அன்று நெருக்கடியால் நேர்ந்த அந்த அமைப்பு, இன்று வீட்டில் பழுது பார்ப்பவருக்குப் பெரும் வரமாக விளங்குகிறது.

பானட்டை முன்புறமாகச் சாய்த்துத் திறந்தால் இயந்திரம், முன் சக்கரங்கள், ஸ்டீயரிங் அனைத்தும் கண்முன் தெரியும். முன் டயரின் மேல் அமர்ந்துகொண்டே பிளக்கைக் கழற்றலாம். உடலின் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கலாம். இயந்திரமும் எளியது. நான்கு சிலிண்டர், முதலில் 948 சி.சி., பின்னர் 1147 சி.சி. இதே குடும்பத்து இயந்திரமே டிரையம்பின் ஸ்பிட்பயர் என்னும் விளையாட்டு வண்டியிலும் இருந்தது. ஆதலால் பிஸ்டன், வால்வு, கேஸ்கட் முதலியவை இங்கிலாந்திலிருந்து இன்றும் கிடைக்கின்றன. இவ்வண்டி 25 அடி வட்டத்துக்குள் முழுமையாகத் திரும்பிவிடும் என்பதும் அந்நாளில் வியந்து பேசப்பட்ட சிறப்பு.

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிறப்பும் உண்டு. நான்கு கதவு கொண்ட ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உருவாயிற்று. எனவே அதன் பின்கதவையோ அதைச் சூழ்ந்த தகட்டையோ காயலான் கடைக்குப் போட்டுவிட்டால், இங்கிலாந்தில் தேடியும் பயனில்லை. மற்றொரு பழைய வண்டியிலிருந்துதான் பெறவேண்டும். சென்னையின் புதுப்பேட்டை, தில்லியின் காஷ்மீரி கேட், கல்கத்தாவின் மல்லிக் பஜார், பெங்களூரின் ஜே.சி. ரோடு ஆகிய இடங்களைப் பொறுமையோடு சுற்றுகிறவர்களுக்கு எப்போதேனும் அப்பேறு கிட்டலாம்.

முதற்பணி காகிதப்பணி

ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் வண்டியின் பதிவுச் சான்றை எடுத்துப் பாருங்கள். சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் சான்றில் உள்ளவாறே வண்டியிலும் உள்ளனவா என்று ஒப்பிடுங்கள். உரிமையாளர் காலமாகிவிட்டிருந்தால், வாரிசின் பெயருக்கு மாற்றுதலே முதற்கடமை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிதாகப் பதிவு பெறவேண்டும் என்பது 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. பழைய ஊரின் அலுவலகத்திலிருந்து ஆட்சேபணையின்மைச் சான்றும் வேண்டும். தலைநகர்ப் பகுதியில் வாழ்வோர் மேலும் எச்சரிக்கையாக இருத்தல் நன்று. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் அங்கு ஓடலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014 இல் ஆணையிட்டது. 2018 இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதன்பின் வந்த ஆணைகளையும் கேட்டறிந்த பிறகே வண்டியை லாரியில் ஏற்ற வேண்டும்.

பிரிக்குமுன் படம் எடுங்கள்

கைப்பேசிகளில் புகைப்படக் கருவி இருக்கும் இக்காலத்தில், எந்தக் கம்பி எங்கே போயிற்று என்று மறப்பதற்கு இடமே இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படம் எடுத்து, கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் இட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். இப்பணியை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால், வேலையும் நடக்கும். எந்தப் பாகம் எதற்கு என்ற அறிவும் அவர்களுக்குத் தானே வரும்.

அடுத்து அடிச்சட்டத்தைச் சோதியுங்கள். நடுவே ஓடும் இரு முதுகெலும்புகளும், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகளும் கொண்டது அச்சட்டம். அக்கைகளில்தான் நீர் தேங்கித் துரு ஏறும். பெயிண்டு பளபளப்பதைக் கண்டு ஏமாறாமல், சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் ஓசையே உண்மையைக் கூறிவிடும். துருவேறிய இரும்பை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே முறை. பட்டி பூசி மறைப்பது நோயை மறைப்பதற்கு ஒப்பாகும். உடலைச் சட்டத்திலிருந்து தூக்குவதாயின், கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து முட்டுக் கொடுத்த பின்னரே தூக்க வேண்டும். இல்லையேல் உடல் வளைந்து, பின்னர் கதவு எந்நாளும் சரியாகப் பொருந்தாது.

உயிர் காக்கும் மூன்று இடங்கள்

பெயிண்டுக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் பிரேக்குக்கு ஒதுக்குங்கள். அக்காலத்து வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியாகச் செல்லும். எங்கேனும் ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே பிடிப்பிழக்கும். பல ஆண்டு நின்ற வண்டியில் ரப்பர் குழாய்களும் சிலிண்டர் ரப்பர்களும் மடிந்தே போயிருக்கும். அனைத்தையும் ஐயமின்றி மாற்றிவிட வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூளை வாயால் ஊதுவதும் காற்றடித்துப் போக்குவதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து எடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டு. அதன் கீழ்முனை மரையாக அமைந்து, வெண்கலக் கட்டை ஒன்றினுள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்புந்தோறும் அம்மரை சற்றே சுழலும். இவ்விடத்துக்கு இட வேண்டியது கியர் பாக்ஸுக்கு ஊற்றும் 90 ஆம் எண் எண்ணெய். மற்ற இடங்களைப் போல இங்கும் கிரீஸ் அடித்தால், அது மரையின் உள்ளே சரிவரப் புகாது. நீர் புகும், துருப்பிடிக்கும், தண்டு ஒரு நாள் ஒடிந்து சக்கரம் மடிந்து விழும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் செலுத்தும் சிறிதளவு எண்ணெய் ஒரு குடும்பத்தைக் காக்கும் என்பதை மறவாதிருப்போமாக.

மூன்றாவது, பின் அச்சு. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் அசைபவை. வளைவில் விரைந்து திரும்புகையில் ஆக்சிலேட்டரிலிருந்து திடீரெனக் காலை எடுத்தால், சக்கரம் உள்நோக்கி மடிந்து வண்டியின் பின்புறம் வழுக்கும். குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் நல்ல நிலையில் இருப்பது இதனால் மிக இன்றியமையாதது.

பெரிய இயந்திரத்தைப் பொருத்தி வேகத்தைக் கூட்ட விரும்பும் இளைஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வேகத்தைக் கூட்டுவது எளிது. அவ்வேகத்தைத் தாங்கும் பிரேக்கும் அச்சும் சட்டமும் பின்னிருந்து தாமாக வந்து சேர்வதில்லை.

எம்மாற்றம் தகும்?

மாற்றமே கூடாது என்பது நமது கருத்தன்று. காலம் மாறியதால் செய்தே தீரவேண்டிய மாற்றங்கள் சில உள்ளன. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 ஆம் ஆண்டில் நம் நாட்டில் நின்றுவிட்டது. அந்த ஈயமே பழைய இயந்திரங்களின் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்து வந்தது. ஆதலால் ஹெட்டைக் கழற்றும்போதே லேத் பட்டறையில் கடினமான இருக்கைகளைப் பொருத்திக் கொள்ளலாம். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. அது பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை இட்டு, நெடுநாள் நிறுத்துவதாயின் டாங்கைக் காலி செய்து வைத்தல் நன்று.

டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் வைப்பது விளக்குகளுக்கு வலிமை தரும். ஆனால் பாட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்துள்ளது என்று முதலில் பாருங்கள். அக்கால இங்கிலீஷ் வண்டிகளில் நேர்முனையை இணைக்கும் வழக்கம் இருந்தது. அதை மாற்றாமல் புதுக் கருவியைப் பூட்டினால் அது அந்த நொடியே கருகும். இருக்கைப் பட்டியும் வேண்டத்தக்கதே. அதை வெறும் தகட்டில் பூட்டாமல், உறுதியான பின்தகடு வைத்துப் பூட்ட வேண்டும்.

இவை அனைத்துக்கும் பொதுவாக ஓர் உரைகல் உண்டு. செய்த மாற்றத்தை நாளை ஒருவர் கழற்றிவிட்டு, பழைய பாகத்தை அதே இடத்தில் மீண்டும் பூட்ட முடியுமா? முடியுமாயின் செய்யலாம். அதற்காக வெட்டவோ துளையிடவோ அடிச்சட்டத்தைத் திருத்தவோ நேருமாயின், பலமுறை எண்ண வேண்டும். கழற்றிய டைனமோவை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் வைப்பதும் புதுப்பித்தலின் ஒரு பகுதியே.

சட்டமும் இதையே சொல்கிறது. பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள், தயாரித்தவர் குறித்த அமைப்பினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாக்கியது. 2021 ஆம் ஆண்டில் மத்திய அரசு, 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகள் எனப் பதிவு செய்யத் தனி விதி வகுத்தது. சேசிஸ், உடல், இயந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யாதிருத்தல் அதற்குரிய நிபந்தனை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். பழைய பதிவு எண் உள்ள வண்டி அவ்வெண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு முதலியவற்றுக்கே வெளியில் எடுக்கலாம். ஹெரால்டு வண்டிகள் அனைத்தும் இவ்வயதைக் கடந்துவிட்டன. ஆர்வத்தால் அடிச்சட்டத்தை வெட்டியவர் இந்தப் பேற்றை இழக்கிறார்.

கைக்கு எட்டாத வேலைகள்

வீட்டில் செய்யலாம் என்பதால் அனைத்தையும் வீட்டிலேயே செய்யவேண்டும் என்பதில்லை. சிலிண்டர் போர் செய்தலும், அடிச்சட்ட வெல்டிங்கும் தேர்ந்த கைகளுக்குரியவை. கடினமாக்கி கலந்த இன்றைய பெயிண்டின் ஆவி மூச்சுக்குழலை நிலையாகக் கெடுக்க வல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் அதைத் தெளிப்பது தமக்கும் அண்டை வீட்டாருக்கும் தீங்கு. முறையான பட்டறையில் விட்டுவிடுவதே அறிவுடைமை. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் புகுதல் எக்காலத்தும் ஆகாது. சமதரையில் உறுதியான இரும்பு முட்டுகளைக் கொடுத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பின்னரே கீழே செல்ல வேண்டும்.

விடுமுறை நாட்களில் மட்டும் செய்தால் இப்பணிக்கு ஆண்டுகள் சில ஆகலாம். செலவோ வண்டியின் சந்தை விலையை எளிதில் மிஞ்சும். இலாபம் கருதுவோர் இதில் இறங்காதிருப்பதே நல்லது. சென்னைத் தொழிலாளரின் கைகள் அரை நூற்றாண்டுக்கு முன் பூட்டிய ஒரு போல்ட்டைத் தம் பிள்ளையின் கை கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுவதைக் காண விழைவோர் இறங்கலாம். அவர்களுக்கு நாம் கூறுவது இவ்வளவே: முதலில் பிரேக், பிறகு சட்டம், கடைசியில் பெயிண்டு. கழற்றிய எதையும் எறியாதீர்கள். அடுத்து அவ்வண்டியைத் திறப்பவர் உங்கள் பேரப்பிள்ளையாக இருக்கலாம்.